ஜெனரேட்டரில் கருப்பு எண்ணெய் சொட்டுகிறதா? இன்ஜினைப் பிரிக்க விடுமுன் இதைப் படியுங்கள்

நீலகிரியில் விடுதியோ காட்டேஜோ பேக்கரியோ நடத்திக்கொண்டு, கூடவே ஒரு டீசல் ஜெனரேட்டரும் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சைலென்சர் குழாயில் கருப்பாக எண்ணெய் சொட்டுகிறது, ஓடும்போதே சூடாகி நின்றுவிடுகிறது என்று இரண்டு குறைகளைச் சொல்லி ஒரு சர்வீஸ் கடையை அழைத்தேன். இன்ஜினைக் கழற்றி மாட்டி 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு குறைகளில் ஒன்றும் தீரவில்லை. அவர்கள் செய்துவைத்த ஒரு காரியத்தால் நல்ல இன்ஜினே வீணாகியிருக்கும்.

எங்கள் காட்டேஜ் ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவுக்கு அருகில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். மரங்கள் மின்கம்பிகள் மேல் சாய்ந்து கிடந்த அந்த மழைக்குப் பிறகுதான் ஜெனரேட்டர் வாங்கினோம். விளக்குகள், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், வைஃபை எல்லாம் சேர்ந்தாலும் எங்கள் தேவை 3 கிலோவாட்டைத் தாண்டாது. விற்றவரோ 20 கேவிஏ இயந்திரத்தைத் தலையில் கட்டினார். "மலையில் காற்று மெலிது சார், இன்ஜின் சக்தி குறையும், பெரியதாகவே வாங்கிவிடுங்கள்" என்றார். அதில் பொய் இல்லை. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் விசிறி) இல்லாத டீசல் இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் 20 கேவிஏ என்றால் 16 கிலோவாட். ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 13 மிஞ்சும். மூன்று கிலோவாட்காரனுக்கு அது எதற்கு? பாதி உண்மையைச் சொல்லி விற்பவரைப் பிறகு பிடிக்கவும் முடியாது.

கருப்புச் சொட்டுக்குக் காரணமே இதுதான். பாரம் மிகக் குறைவாக இருந்தால் டீசல் இன்ஜினின் சிலிண்டர் உரிய வெப்பத்துக்கு வராது. டீசல் முழுமையாக எரியாமல், கரியோடும் ஆயிலோடும் கலந்து பிசுபிசுப்பாகப் புகைக்குழாயில் கசியும். மொத்தத் திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டாதீர்கள் என்றுதான் இயந்திரம் செய்பவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். எங்கள் அறை ஹீட்டர்களை ஜெனரேட்டர் லைனில் சேர்க்க வேண்டாம், இன்ஜின் தேய்ந்துவிடும் என்று அறிவுரை சொன்னவர்களும் விற்ற இடத்து ஆட்களே. இப்படிச் சும்மாவே ஓடி ஓடி சைலென்சருக்குள் கரி அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

மே மாதச் சீசனில் பக்கத்துக் காட்டேஜுக்கும் லைன் கொடுத்தோம். பாரம் ஏறியதும் சூடும் ஏறியது. ரேடியேட்டர் பொங்கி வழிந்தது. பாதுகாப்பு ஸ்விட்ச் இன்ஜினை நிறுத்தியது. அப்போதுதான் அந்தக் கடைக்காரர்களை அழைத்தேன்.

இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் சொட்டிய எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு "ரிங் போய்விட்டது" என்றார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையத்தைச் சொன்னார். ரேடியேட்டரில் வழிந்த தடத்தைப் பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது" என்றார். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு அது. இன்ஜினை ஒருமுறை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிய மணி, ஊற்றிய ஆயில், கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும், எளிதில் உறையாத குளிர்விப்புத் திரவம்) மட்டம் எல்லாம் எழுதிவைத்த நோட்டை எடுத்துக் காட்டினேன். ரிங் தேய்ந்தால் ஆயில் குறைந்துகொண்டே வரும். கேஸ்கெட் போனால் கூலன்ட் மாயமாகும், அல்லது ஆயிலில் தண்ணீர் கலந்து வெளுத்துப்போகும். அன்று பொங்கி வழிந்ததைத் தவிர என் நோட்டில் அப்படி எதுவும் இல்லை. "நோட்டில் இன்ஜின் ஓடாது சார்" என்றார். நல்ல வசனம்தான். நல்லவேளை, அதற்குத் தனியாகப் பில் போடவில்லை.

வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தபோது பில்லில் ரிங் செட், கேஸ்கெட் செட், ஹெட் இழைப்பு, நாசில், கூலன்ட், கூலி என்று வரிசையாக இருந்தன. எந்தப் பாகத்துக்கும் எண் இல்லை. பழைய பாகங்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கி மின்வெட்டு வந்ததும் அதே கருப்புச் சொட்டு மீண்டும் வந்தது. பக்கத்துக் காட்டேஜின் பாரமும் சேர்ந்த அன்று இன்ஜின் நிற்கவில்லை. ஆனால் ஜெனரேட்டர் கூண்டருகே நிற்க முடியாத அனல், பெயிண்ட் கருகும் வாடை. நானே ஓடிப் போய் நிறுத்தினேன்.

இந்த இடத்தில்தான் அண்ணாச்சி வந்தார். தூத்துக்குடியில் படகு இன்ஜின்களோடு காலத்தைக் கழித்துவிட்டு இப்போது மகள் வீட்டோடு ஊட்டியில் இருக்கிறார். "படகில் இன்ஜின் சூடானால் முதலில் புகைக்குழாய் வாயைத்தான் பார்ப்போம் தம்பி" என்று ஆரம்பித்தார். கடல்நீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிரவைத்து, அந்த நீரையே புகையோடு சேர்த்து வெளியே தள்ளும் படகுகள் உண்டு. குழாய் வாயில் தண்ணீர் குறைந்தால் உறிஞ்சும் வழியில் பாசி அடைத்திருக்கலாம், பம்பின் ரப்பர் இறக்கை உடைந்திருக்கலாம், புகையும் நீரும் கலக்கும் முழங்கைக் குழாயில் கரியும் உப்பும் கட்டியிருக்கலாம். அதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்பேனர் ஹெட் பக்கம் போகும் என்றார். எங்கள் ஜெனரேட்டரில் கடல்நீர் இல்லை, ரேடியேட்டர்தான். பார்க்கும் வரிசை மட்டும் அதேதான்: தண்ணீர், காற்று, புகை, பிறகு இன்ஜின்.

இன்ஜின் ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் அதற்கு மேலும் கொதிக்காமல் தாங்கும். மூடி அழுத்தம் விட்டால் இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லாமலே பொங்கும். இதைப் பார்த்துத்தான் கேஸ்கெட் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். 68,000 ரூபாய் பில்லில், சில நூறு ரூபாய் விலையுள்ள இந்த மூடி மட்டும் இல்லை.

அடுத்து ஒரு செய்தித்தாள் துண்டைக் கூண்டின் காற்று உள்ளே போகும் ஜன்னல் பக்கம் பிடித்தார். தாள் உள்ளே இழுபட்டது. ஆனால் அங்கே வந்த காற்றே சுட்டது. ரேடியேட்டரின் வெப்பக்காற்று ஒன்றரை அடி தள்ளியிருந்த தடுப்புச்சுவரில் மோதித் திரும்பி, அதே இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் விற்ற ஆட்கள்தான். குளிர் பிரதேசத்தில் இன்ஜின் எப்படிச் சூடாகும் என்று நம் ஊரில் சொல்வார்கள். மலையின் மெலிந்த காற்று, குளிர்ந்திருந்தாலும், சமவெளிக் காற்றளவு வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகாது.

புகைக்குழாயில் மூன்று கூர்மையான வளைவுகள். வாய் வானத்தைப் பார்த்து, மழைமூடி இல்லாமல் திறந்து கிடந்தது. ஊட்டி மழை நேராகச் சைலென்சருக்குள் இறங்கும். சில அமைப்புகளில் சிலிண்டர் வரைகூடப் போய்விடும். சைலென்சரைக் கழற்றித் தட்டினார், கரி கட்டி கட்டியாக விழுந்தது. வெளியேற வழியில்லாத புகை இன்ஜினுக்குள்ளேயே வெப்பத்தைத் தேக்கியிருக்கிறது. குழாய் இணைப்பு ஒன்றும் கசிந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை; யாரும் குழாய் வாயை விருந்தினர் அறை ஜன்னல் பக்கம் திருப்பிவைக்காதீர்கள்.

கடைசியாகத்தான் அந்த ஒயர் கண்ணில் பட்டது. அதிகச் சூடானால் இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்சின் ஒயரைக் கழற்றி, கருப்பு டேப் சுற்றி, மடக்கிச் சொருகிவைத்திருந்தார்கள். சூட்டைக் குறைக்கத் தெரியாதவர்கள், சூடு தெரியாதபடி செய்துவிட்டார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ரேடியேட்டரில் இருந்தது கூலன்ட் இல்லை, பச்சைச் சாயம் கலந்த தண்ணீர் என்பதும் அளந்து பார்த்தபோது தெரிந்தது. ஜனவரியில் தலைக்குந்தாப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, உறையும் தண்ணீர் விரிந்து இன்ஜின் பிளாக்கை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரிசெய்தது எளிது. வெப்பக்காற்றைச் சுவருக்கு மேலே ஏற்றிவிடத் தகரத்தில் ஒரு வழி, பெரிய வாய்க் குழாயில் ஒரே ஒரு அகன்ற வளைவு, மழைமூடி, தேங்கும் நீரை வடிக்க ஒரு சிறு குழாய், புது ரேடியேட்டர் மூடி, உண்மையான கூலன்ட். ஒயர் அதன் இடத்துக்குத் திரும்பியது. இப்போது ஜெனரேட்டர் ஓடும்போது அறை ஹீட்டர்களையும் அதில் போடுகிறோம். விருந்தினர்களுக்கும் சந்தோஷம், இன்ஜினுக்கும் வேலை. செலவு எல்லாம் சேர்த்து அந்தப் பில்லில் கால் பங்கு ஆகவில்லை. சொட்டு நின்றுவிட்டது, முழுப் பாரத்திலும் சூடு 90ஐத் தாண்டுவதில்லை.

யாராவது உங்களிடம் கேஸ்கெட் போய்விட்டது என்றால், இன்ஜினை ஆறவைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் குமிழிகள் தொடர்ந்து வருகின்றனவா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். ரிங் போய்விட்டது என்றால் கம்ப்ரஷன் அளவை, அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அரை நாள் போதும். காட்ட மறுப்பவரிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். தொழிலுக்காக வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதிடும், வாதிட்டும்விட்டது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துகிறவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. எங்கள் காட்டேஜை நானும் மனைவியும்தான் நடத்துகிறோம். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. உங்கள் கையில் இதே மாதிரி ஒரு மதிப்பீட்டுத் தாள் இருந்தால், சம்மதம் சொல்வதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்வதாக அண்ணாச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் கேட்பதெல்லாம் ஒரு டீயும் வர்க்கியும்தான்.