கேள்வியே கேட்காத அப்ரூவல்

"மனை 40-க்கு 60, கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு. சுயசான்றிலேயே போட்டுடலாமா?" மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். திட்டம் என்னவென்று கேட்பவருக்கே தெரியும். விவரங்கள் சரி என்று மனைக்காரரே உறுதி கொடுத்து உடனே கட்டட அனுமதி வாங்கும் வழி, 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கியது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம், முதல் தளம், குடியிருப்பு மட்டும். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, மனையின் போட்டோ, வரைபடம் ஏற்றிப் பணம் கட்டினால் அனுமதி அங்கேயே கிடைக்கும். இவ்வளவும் விளம்பரத்திலேயே இருக்கிறது. பயன்படுத்திய பிறகு தெரிவது வேறு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வேகம் பொய்யில்லை. ஆவணங்கள் ஒழுங்காக ஸ்கேன் செய்து வைத்திருந்தால் காலை உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம். கட்டுவதற்கு முன் யாரும் மனைக்கு வந்து பார்ப்பதில்லை, அதனால் வருகிறவரைக் 'கவனிக்க' வேண்டியதும் இல்லை. கூர்ந்தாய்வுக் கட்டணம், உட்கட்டமைப்புக் கட்டணம் என்று தனித்தனி சலான் கிடையாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வீடு முடிந்தபின், அனுமதிப்படிதான் கட்டியிருக்கிறது என்று சொல்லும் நிறைவுச் சான்றும் தேவையில்லை. 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் நிறைவுச் சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தரக்கூடாது என்று இறுக்கிப் பிடித்த பிறகு, இந்த விலக்கின் அருமை இணைப்புக்கு அலைந்தவர்களுக்குத்தான் புரியும். அனுமதிக் கடிதத்தில் இருக்கும் கியூஆர் கோடு சின்ன விஷயம்தான், ஆனால் "ஒரிஜினல் எங்கே, சீல் எங்கே" என்ற பேச்சை அது பாதியாகக் குறைத்துவிட்டது.

இனி எரிச்சல். இந்த இணையதளம் உங்களை ஒரு கேள்வியும் கேட்காது. நீங்கள் அடித்த அளவு சரியா, பத்திரத்தில் இருப்பதும் பட்டாவில் இருப்பதும் ஒன்றா, தரையில் மனை அந்த வடிவில்தான் கிடக்கிறதா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கும் முன்பே அனுமதி வந்துவிடும். தப்பான அளவுக்கும் கியூஆர் கோடு அச்சாகும். பழைய முறையில் ஒரு திருத்தக் குறிப்போடு ஃபைல் திரும்பி வரும், எல்லோரும் திட்டுவோம். அந்தக் குறிப்பு பல சமயம் வீட்டைக் காப்பாற்றியது என்பது இப்போதுதான் தெரிகிறது. இங்கே உங்கள் கட்டடத்தை அளக்கும் முதல் மனிதர் பெரும்பாலும் பேங்க் அனுப்பும் என்ஜினீயர். அவர் டேப்போடு வரும்போது பேஸ்மென்ட் முடிந்து தூண் எழும்பியிருக்கும்.

எங்கே பிசகுகிறது என்றால், அளவு மூன்று இடத்தில் மூன்று மொழியில் இருக்கிறது. பத்திரம் அடிக்கணக்கில் பேசும்: கிழமேல் வடபுறம் 40, தென்புறம் 40, தென்வடல் இருபுறமும் 60, ஆக 2,400 சதுர அடி. கிராமப் பட்டா ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 1,076.4 சதுர அடி. 2,400 சதுர அடி மனைக்குப் பட்டாவில் 0–2.23 என்று இருந்தால் பொருந்தும். 0–2.20 என்று இருந்தால் அது 2,368 சதுர அடி. 32 சதுர அடி காணோம். மூன்றாவது, தரை. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டை அரை அடி தள்ளிக் கட்டியிருந்தால் 60 அடி நீளத்தில் 30 சதுர அடி போயிற்று. மூன்றில் எது குறைவோ அதை அடிப்படையாக வைத்து வரைபடம் போட்டால் பின்னால் தகராறு இல்லை. ஆனால் எல்லோரும் போடுவது பத்திர அளவைத்தான், ஏனென்றால் காசு கொடுத்தது அதற்கு.

இதைவிட மோசம், பரப்பு சரியாக இருந்து வடிவம் சரியில்லாத மனை. நான்கு பக்கமும் அளந்து 40, 40, 60, 60 வந்ததும் செவ்வகம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூலைக்கு மூலை குறுக்களவு எடுக்காமல் அதைச் சொல்ல முடியாது. மூலைமட்டம் சரியான 40-க்கு 60 மனையில் இரண்டு குறுக்கும் 72 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், இரண்டும் சமமாக. ஒன்று 74, இன்னொன்று 70 அடி 2 அங்குலம் என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. பரப்பு அப்போதும் 2,396. நாலே சதுர அடிதான் குறைவு. ஆனால் ரோட்டுக்கு நேர்செங்குத்தாகக் கோடு இழுத்தால் பின்மூலையில் ஏறக்குறைய மூன்றரை அடி விலகும். ஒரு பக்கத்துக் காலியிடத்தை அந்தச் சாய்வே தின்றுவிடும். வரைபடத்தில் அழகான செவ்வகம், கையில் அனுமதி, தரையில் பின்சுவர் எல்லைக் கல்லை உரசிக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் எழுத இது போதும். விண்ணப்பத்தில் 'அளவுகள் சரியானவை' என்று உறுதி கொடுத்திருப்பவர் நீங்கள், மேஸ்திரியோ வரைபடம் போட்டவரோ அல்ல.

மனை நேராகவே இருந்தாலும் கயிறு கட்டும் நாளில் இன்னொரு வழுக்கல் உண்டு. வரைபடத்தில் காட்டும் பக்க இடைவெளி எல்லைக்கோட்டிலிருந்து முடிந்த சுவரின் வெளிமுகம் வரை. மேஸ்திரி கயிறு கட்டுவது சுவரின் நடுக்கோட்டில். ஒன்பது அங்குலச் சுவரானால் நாலரை அங்குலம் அங்கேயே இடைவெளிக்குள் வந்துவிட்டது; வெளிப்பூச்சுக்கு முக்கால் அங்குலம்; முன்பக்கம் கல் ஒட்டினால் இன்னும் ஒன்றரை. ஆக அரை அடிக்கு மேல். கயிறு கட்டும்போதே இந்தக் கணக்கைச் சேர்த்து உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். வெளியே போகும் மாடிப்படியையும் செப்டிக் டேங்கையும் சம்ப்பையும் முதலிலேயே படத்தில் காட்டுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட படிக்கட்டு கடைசியில் பக்க இடைவெளியில்தான் வந்து உட்காரும்.

மனை அளவில் 2,500 என்ற கோடு சென்னையில் யாரையும் உறுத்தாது. ஒரு கிரவுண்ட் 2,400. சென்ட் கணக்கில் வாங்கும் ஊர்களில்தான் தகராறு. ஐந்தரை சென்ட் 2,396 சதுர அடி, உள்ளே வரும். ஆறு சென்ட் 2,614, வராது. நூற்றுப்பதினான்கு சதுர அடி கூடுதலுக்காக வழக்கமான வழியில் போக வேண்டும். அதைத் தவிர்க்கக் கொஞ்சத்தை மனைவி பெயருக்குத் தானமாக எழுதிக் குறைத்துவிடலாம் என்ற யோசனை டீக்கடை வரை சுற்றுகிறது. செய்யாதீர்கள். மனையைப் பிரிக்க உட்பிரிவு அனுமதி வேண்டும். அது இல்லாமல் பிரித்தால் இருந்த அங்கீகாரமும் கேள்விக்குறியாகிவிடும்.

மனைப்பிரிவு அங்கீகாரமும் அப்படித்தான். லேஅவுட் அப்ரூவல் எண் இல்லாத மனை, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானது என்றால், அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த திட்டத்தின்படி வரன்முறை செய்த உத்தரவு கையில் இருக்க வேண்டும். "பட்டா இருக்கே" என்பது இதற்குப் பதில் இல்லை. பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், வீடு கட்டலாமா என்று சொல்லாது. கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போடாமல், முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிடுங்கள். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பட்டாவில் புது உட்பிரிவு எண்ணும் இருந்தால் இரண்டையும் இணைக்கும் காகிதம் ஒன்று இருக்கட்டும். நகரப் பகுதியில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் மூன்றும் சேர்ந்துதான் மனையைக் குறிக்கும். ஒன்று மாறினால் அடுத்தவர் மனைக்கு அனுமதி வாங்கியதாக ஆகிவிடும்.

கட்டணத்தில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. கட்டடப் பரப்புக்குத்தான் பணம். திட்டம் தொடங்கியபோது சென்னை மாநகராட்சியில் சதுர அடிக்கு 100 ரூபாய் வைத்தார்கள். சிறிய உள்ளாட்சிகளில் குறைவு. 2,000 சதுர அடிக்கு இரண்டு லட்சம். உடனே தோன்றுவது, 1,400-ஐக் காட்டி 2,000 கட்டிவிடலாம் என்பது. இணையதளமும் தடுக்காது, அதுதான் கேள்வியே கேட்காதே. ஆனால் பேங்க், நீங்கள் காட்டிய 1,400-க்குத்தான் மதிப்புப் போடும், சொத்துவரிக்கு அளப்பவர் நிற்கிற 2,000-ஐ அளப்பார், விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் 600 எங்கிருந்து வந்தது என்பார். மிச்சம் பிடித்த 60 ஆயிரத்துக்கு இத்தனை வாய்களுக்கும் பதில் சொல்லவேண்டும். தரைத்தளத்தில் ஷட்டர் வைத்துக் கடை விடுவதும் இதே ரகம். அனுமதி குடியிருப்புக்கு, வணிக மின் இணைப்பு கேட்டுப் போகும் அன்று தெரிந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால் குறை திட்டத்தில் பாதிதான். மனையின் நான்கு பக்கம், இரண்டு குறுக்கு, பட்டாப் பரப்பு என்று ஏழு எண்களைக் கேட்டு, பொருந்தாவிட்டால் சிவப்பில் ஒரு வரி காட்டுவது கம்ப்யூட்டருக்குப் பெரிய காரியமில்லை. பள்ளிக்கூடக் கணக்குதான். அந்த ஒரு வரி இருந்திருந்தால் மேலே எழுதியதில் முக்கால்வாசி எழுத வேண்டியிருக்காது.

பத்துக்கு நாலு மதிப்பெண்தான். ஆனாலும் போடலாமா என்றால், போடுங்கள்; அடுத்த வீட்டுக்கும் நான் சொல்வது இதைத்தான். பணம் கட்டும் பொத்தானை அமுக்குமுன் 100 அடி டேப்பையும் இரண்டு ஆளையும் கூட்டிக்கொண்டு போய்க் குறுக்களவு எடுத்துவிட்டு வாருங்கள்.