டூரிங் கேரவன்: எந்தப் பாலிசி, எந்தப் பூட்டு, எங்கே நிறுத்துவது?

பிரிட்டனில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடான டூரிங் கேரவனுக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் கார் பாலிசியே போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். இழுத்துப் போகும்போது கேரவன் அடுத்தவர் வண்டியில் மோதினால், அவருடைய இழப்பைப் பெரும்பாலான கார் பாலிசிகள் ஏற்கும். ஆனால் கேரவன் நொறுங்கினாலும் திருடுபோனாலும் அந்தப் பாலிசியிலிருந்து பொதுவாக எதுவும் வராது. காரிலிருந்து கழற்றி முகாம் திடலில் நிறுத்திய பிறகு யாராவது படியில் தடுக்கி விழுந்து வழக்குப் போட்டால், அதற்கும் கார் பாலிசி பொறுப்பேற்பது அரிது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பவுண்டு பெறும் பழைய கேரவன் என்றால் தனிப் பாலிசி வேண்டாம் என்று முடிவெடுக்கலாம், அது நியாயமான கணக்குதான். அதற்கு மேல் மதிப்புள்ள எதற்கும் தனிப் பாலிசி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேரவனைத் திருடுவது காரைத் திருடுவதைவிடச் சுலபம். இன்ஜின் இல்லை, சாவி போட்டுக் கிளப்ப வேண்டியதில்லை, அதற்கென்று தனிப் பதிவு எண்ணும் கிடையாது. இழுக்கும் காரின் எண்ணையே பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், சாலையில் போகும் திருட்டுக் கேரவன் யார் கண்ணையும் உறுத்தாது. இந்தக் குறையை ஈடுகட்ட 1992 முதல் கிரிஸ் என்ற பதிவுத் திட்டம் இருக்கிறது. 17 இலக்க எண் கேரவனின் ஜன்னல் கண்ணாடிகளிலும் அடியில் உள்ள இரும்புச் சட்டகத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய கேரவன் வாங்குகிறவர்கள் கட்டணம் கட்டி அந்த எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

புதுசுக்குப் புதுசா, சந்தை விலையா?

பிரீமியத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். சந்தை விலைப் பாலிசியில், திருடுபோன அன்று உங்கள் கேரவன் என்ன விலைக்குப் போயிருக்குமோ அதுதான் கிடைக்கும். புதுசுக்குப் புதுசு பாலிசியில் அதே மாதிரியோ அதற்கு இணையாகவோ ஒரு புதுக் கேரவன் கிடைக்கும். ஆனால் கேரவன் குறிப்பிட்ட வயதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் ஐந்து வருடத்தோடு நிறுத்திவிடுகின்றன, சில அதற்கு மேலும் தருகின்றன.

புதுசுக்குப் புதுசில் ஒரு பொறியும் உண்டு. காப்புத்தொகையாக நீங்கள் வாங்கிய விலையைச் சொல்லக் கூடாது, இன்றைக்குப் புதிதாக வாங்கினால் ஆகும் விலையைச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, கேரவனின் இன்றைய புது விலை 30,000 பவுண்டு, நீங்கள் பழைய பில்லைப் பார்த்து 20,000 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புயலில் மரம் விழுந்து 6,000 பவுண்டுக்குச் சேதம். பல பாலிசிகளில் உள்ள விகிதாச்சார விதிப்படி, மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்பு என்று கணக்கிட்டு 4,000 பவுண்டுதான் தருவார்கள், அதிலும் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, கழியும். மீதி உங்கள் கையைக் கடிக்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது அன்றைய விலையை விசாரித்து மாற்றுவது அவசியம்.

என் தேர்வு: கேரவன் வயது வரம்புக்குள் இருக்கும்வரை புதுசுக்குப் புதுசு, தாண்டிய வருடமே சந்தை விலை. பத்து வருடக் கேரவனுக்குப் புது விலையைக் காப்புத்தொகையாகப் போட்டுச் சந்தை விலைப் பாலிசி எடுத்தால், கூடுதல் பிரீமியம் வீண். எப்படியும் சந்தை விலைக்கு மேல் கிடைக்காது. இரண்டு வகையிலுமே, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறிப்போவதற்குப் பொதுவாகக் காப்பு இல்லை. அப்புறம், பிரீமியத்தின் மேல் 12 சதவீதம் இன்சூரன்ஸ் வரி உண்டு. ஒரு நிறுவனம் வரியோடும் இன்னொன்று வரியில்லாமலும் சொன்னால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

ஹிட்ச் லாக், வீல் கிளாம்ப், அல்-கோ

ஹிட்ச் லாக் என்பது கேரவனைக் காரோடு இணைக்கும் ஹிட்ச் என்ற கொக்கிக்குப் போடும் பூட்டு. விலை மலிவு, மாட்டுவது ஒரு நிமிட வேலை. மோட்டார்வே சர்வீஸில் காபி குடிக்க இறங்கும்போது அது போதும், காரோடு இணைந்திருக்கும்போது பல பாலிசிகள் கேட்பதும் அதைத்தான். தனியாக நிறுத்திய கேரவனுக்கு அதை மட்டும் நம்புவது ஆபத்து. ஹிட்ச்சையே கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம், சங்கிலி போட்டும் இழுக்கலாம்.

சாதாரண வீல் கிளாம்ப் வெளியிலிருந்து சக்கரத்தைக் கவ்வும். பெரிய மஞ்சள் இரும்பைப் பார்த்ததும் சில திருடர்கள் அடுத்த கேரவனுக்குப் போய்விடுவார்கள், அது உண்மையான பலன். ஆனால் இளக்கமாகப் பிடிக்கும் மாடல் என்றால் காற்றைப் பிடுங்கிவிட்டோ சக்கரத்தையே மாற்றியோ வேலையை முடிப்பார்கள்.

அல்-கோ நிறுவனத்தின் வீல் லாக் வேறு ரகம். சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உறுப்போடு, அலாய் எனப்படும் உலோகச் சக்கர வட்டின் இடைவெளி வழியாக போல்ட் போட்டு முறுக்குவதால் சக்கரம் சுற்றாது, கழற்றவும் முடியாது. புதுக் கேரவன்கள் பலவற்றில் அந்த உறுப்பு முன்பே பொருத்தப்பட்டு வருகிறது. தொல்லை என்னவென்றால், அலாயில் உள்ள இடைவெளியும் பின்னால் உள்ள துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். அதற்காகக் கேரவனை இஞ்ச் இஞ்சாக நகர்த்த வேண்டும். கேரவனைத் தானாக நகர்த்தும் மோட்டார் மூவர் இருந்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் மழையில் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரட்டை அச்சுக் கேரவனில் ஒரு சக்கரம் பொருந்தினால் இன்னொன்று பொருந்தாது, ஜாக்கி வைத்துத் தூக்கித் திருப்ப வேண்டும். இவ்வளவு சிரமம் இருந்தும் மூன்றில் இதைத்தான் சொல்வேன்.

எதை வாங்கினாலும் பாலிசியில் எழுதியிருப்பதற்கு அது பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் சோல்ட் செக்யூர் அமைப்பின் தரச்சான்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. ரசீதையும் எல்லாச் சாவிகளையும் பத்திரப்படுத்துங்கள், கிளெய்ம் சமயத்தில் கேட்பார்கள்.

அலாரமா, டிராக்கரா?

அலாரம் அக்கம்பக்கம் ஆள் இருக்கும் இடத்தில்தான் பயன். கேரவன்களை வாடகைக்கு நிறுத்திவைக்கும் ஒதுக்குப்புறக் களஞ்சியத்தில் அலறினால் யார் வரப்போகிறார்கள்? டிராக்கர் திருட்டைத் தடுக்காது, ஆனால் மீட்க உதவும். 24 மணி நேரமும் கண்காணிக்கும் மையத்தோடு இணைந்த, வாகனப் பாதுகாப்புக் கருவிகளைச் சோதிக்கும் தாட்சம் அமைப்பு அங்கீகரித்த டிராக்கருக்குச் சில நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. சந்தா முடிந்துவிட்டாலோ, குளிர்காலத்தில் பேட்டரி தீர்ந்துபோனாலோ அதனால் ஒரு பயனும் இல்லை. சின்ன சோலார் பேனல் ஒன்று கூரையில் இருப்பது நல்லது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏர்டேக்கை மட்டும் ஒளித்துவைக்காதீர்கள். தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் ஐபோனுக்கே அது அறிவித்துவிடும்.

வீட்டு வாசலா, களஞ்சியமா?

வாசலில் நிறுத்தினால் கண் பார்வையில் இருக்கும், வாடகையும் மிச்சம். ஆனால் கேரவன் காணவில்லை என்றால் வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிடும். சில குடியிருப்புகளின் வீட்டுப் பத்திரத்தில் வாசலில் கேரவன் நிறுத்தத் தடையும் இருக்கும். விவசாயி ஒருவரின் வயலோரம் வாடகை குறைவு, பாதுகாப்பு அதைவிடக் குறைவு. வேலி, நுழைவுக் கட்டுப்பாடு, கேமரா போன்றவற்றைப் பார்த்துக் களஞ்சியங்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது கஸ்ஸோவா என்ற அமைப்பு. தங்கத் தரத்துக்குப் பிரீமியத் தள்ளுபடி கிடைக்கும். அது வாடகையை ஈடுகட்டாவிட்டாலும், விலை உயர்ந்த கேரவனுக்கு இதுவே சரி. இடம் மாற்றினால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

கிளெய்மை மறுத்தால்

தனியாக நிறுத்திய கேரவனில் பாலிசி கேட்ட பூட்டைப் போடாமல் இருந்து அது திருடுபோனால், மறுப்பை எதிர்ப்பது கடினம். ஆனால் பூட்டு இல்லாத அன்று விழுந்தது மரம் என்றால் கதை வேறு. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2015 இன்சூரன்ஸ் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, நடந்த இழப்பின் வாய்ப்பைக் கூட்டியிருக்கவே முடியாத ஒரு நிபந்தனை மீறலைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் இப்படிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நிதிச் சேவை ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. நிறுவனம் இறுதிப் பதில் அனுப்பிய தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.