மேசன் லாட்ஜா, ரோட்டரியா?

கோவை, ஈரோடு பக்கம் புதிதாகத் தொழில் தொடங்கிய தம்பிகள் கேட்பது இது: "எதுல சேரலாமுங்ணா?" ரோட்டரி ஊர்ச் சேவை செய்யும் சங்கம். மேசன் லாட்ஜ் என்பது தங்கும் விடுதி அல்ல; ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் கிளை.

சடங்கு
ரோட்டரி: மணியடித்துக் கூட்டம் தொடங்கும், சட்டையில் ரோட்டரி பேட்ஜ் குத்துவார்கள், அவ்வளவுதான்.
மேசன்: சடங்குதான் உயிர். மூன்று படிகள். முதல் நாள் கண்ணைக் கட்டி அழைத்துப் போவார்கள். இடுப்பில் வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன். கல்தச்சரின் மூலைமட்டமும் கவராயமும் சின்னம். செதுக்காத கல் ஒன்று, செதுக்கிய கல் ஒன்று. முதலாவது புதிதாக வந்தவர், இரண்டாவது தன்னைச் செதுக்கிக்கொண்டவர். இந்திய லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள் அருகருகே இருக்கும். உள்ளே மில் முதலாளியும் கணக்கரும் சகோதரர்கள்தான். நம் கொங்குக் கல்யாணத்தில் சடங்கை நடத்தும் அருமைக்காரர் சீர் செய்யும்போது எவ்வளவு பெரியவரும் தலை குனிகிறாரே, அதே பணிவு.

நுழைவு
மேசன்: இறைநம்பிக்கை கட்டாயம், ஆண்கள் மட்டும்.
ரோட்டரி: 1989 முதல் உலகெங்கும் பெண்களும் சேரலாம்.

செலவு
இரண்டிலும் சந்தா உண்டு.

நேரம்
ரோட்டரி: கூட்டம், முகாம், போலியோ ஒழிப்பு வேலை.
மேசன்: சடங்கு வரிகளை வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும்.

சரி, எது யாருக்கு? ஊருக்கு வேலை செய்ய, தம்பதியாகச் சேர ரோட்டரி. தன்னைத்தானே செதுக்கிக்கொள்ளப் பொறுமை இருந்தால் லாட்ஜ். ஆர்டர் பிடிக்கத்தான் என்றால் இரண்டுக்கும் போக வேண்டாம்.