அமைச்சரின் நியமனத்தை எதிர்ப்பது: எழுத்தாணையா, அடிப்படை உரிமை மனுவா?

ஒழுங்குபடுத்தும் சபைக்கு அமைச்சர் தகுதியில்லாத ஒருவரை நியமித்தால், யாழ்ப்பாணத்தவர் எந்த வழியில் போனாலும் கொழும்புக்குத்தான் போகவேண்டும். எழுத்தாணை என்பது அரச அதிகாரியின் செயல் சட்டப்படியானதா என்று பார்த்து நீதிமன்றம் இடும் கட்டளை; இங்குள்ள மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை அதிகாரம் மாகாண சபைக்குரிய விடயங்களோடு நின்றுவிடும்.

மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்படி எழுத்தாணை கேட்கலாம். அமைச்சர் சட்டம் தந்த அதிகாரத்தை மீறினாரா என்பதே கேள்வி. மாதக்கெடு இல்லை, ஆனால் காரணமின்றித் தாமதித்தால் மனு அடிபடலாம்.

உயர் நீதிமன்றத்துக்குரிய அடிப்படை உரிமை மனுவுக்கு (126ஆம் உறுப்புரை) ஒரு மாதம்தான் கெடு. சமத்துவ உரிமை மீறப்பட்டதைக் காட்டவேண்டும், நட்டஈடும் கிடைக்கலாம். தோற்றால் மேன்முறையீடு இல்லை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணைக் காலம் கெடுவில் சேராது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

சட்டத்திலேயே தகுதி தெளிவாக எழுதியிருந்தால் நான் எழுத்தாணைப் பக்கம். நீங்களே அந்தப் பதவிக்கு விண்ணப்பித்து ஒதுக்கப்பட்டவர் என்றால், சரி, அடிப்படை உரிமை மனு.