மூச்சு கேட்கும் பதிவு: கிளீவ்லண்ட் சிம்ஃபோனிக் விண்ட்ஸ் இசைத்தட்டு

வயலின் ஒன்றுகூட இல்லாமல் ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் மட்டுமே ஒரு முழு இசைத்தட்டைத் தாங்குமா என்று ஐயப்படுவோருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது, ஃபிரெடெரிக் ஃபென்னெல் நடத்த, கிளீவ்லண்ட் சிம்ஃபோனிக் விண்ட்ஸ் வாசித்து, டெலார்க் நிறுவனம் வெளியிட்ட ஹோல்ஸ்ட், ஹேண்டல், பாக் ஆகிய இசையமைப்பாளர்களின் தொகுப்பைத்தான். 1978 ஏப்ரலில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரத்துச் செவரன்ஸ் அரங்கில் எடுக்கப்பட்ட இது, அந்நாட்டில் டிஜிட்டல் முறையில் பதிவாகி விற்பனைக்கு வந்த முன்னோடித் தட்டுகளுள் ஒன்று. இதைப் பதிவு செய்த சவுண்ட்ஸ்ட்ரீம் கருவி ஒலியை வினாடிக்கு 50,000 முறை அளந்து மாதிரிகளாக எடுத்தது. பின்னாளில் வந்த சிடியின் கணக்கு 44,100தான்.

இதற்கு முன்பே, 1952இல், ஃபென்னெல் ராச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் தொடங்கிய ஊதுகருவிக் குழுவின் கொள்கை எளிமையானது: இசையின் ஒரு வரிக்கு ஒரே வாசிப்பாளர். பெரிய பேண்டு குழுக்களில் ஒரே வரியைப் பல கிளாரினெட்டுகள் சேர்ந்து ஊதும்போது ஒலி தடித்து, தனிக்குரல்கள் அதில் கரைந்துவிடுகின்றன. இந்தத் தட்டில் ஓபோ என்ற மரக்குழலை ஓபோவாகவும் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியை ஹார்னாகவும் பிரித்துக் கேட்க முடிவதற்கு, நல்ல மைக்குகளைப் போலவே அவர் கால் நூற்றாண்டுக்கு மேல் வளர்த்த அந்தச் செவிப்பழக்கமும் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

தட்டின் உயிர், ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய ஈ-ஃபிளாட் சுருதியிலான ஸ்வீட் (suite), அதாவது பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை. ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வைத்து வளரும் அதன் முதல் பகுதியான சகோன், எட்டே தாள அளவுகள் கொண்ட அந்த மெட்டை ட்யூபா, யூஃபோனியம் என்ற தாழ்ந்த குரல் பித்தளைக் கருவிகளில் தொடங்குகிறது. குழாய்க்குள் காற்று நிறைந்து சுரம் உருவாகும் அந்த நொடியை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். வில் உரசிப் பிறக்கும் ஒலியில் இந்த வகைத் தொடக்கம் கிடைக்காது. மெட்டு கருவி விட்டுக் கருவி ஏறி, நடுவில் தலைகீழாகத் திரும்பி, இறுதியில் மொத்தக் குழுவும் ஒரே மூச்சாக நிற்கும்போது அரங்கின் சுவர்கள்வரை ஒலி விரிவது தெரிகிறது. டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியை வாசித்துப் பிழைத்த ஒருவர் எழுதிய இசை இது என்பதை, ஊதுபவருக்கு மூச்சு வாங்க இடம்விட்டுச் செல்லும் ஒவ்வொரு வரியும் காட்டுகிறது. அணிநடை இசையான மூன்றாம் பகுதி மார்ச்சில், பேஸ் டிரம் என்ற பெருமுரசு காதில் விழுவதற்கு முன்பே மார்பில் விழுகிறது.

இதே காரணத்தால் ஓர் எச்சரிக்கையும் அவசியம். மெல்லிய இடங்களுக்கும் உரத்த இடங்களுக்கும் உள்ள தூரத்தை யாரும் குறைத்து வைக்கவில்லை. மெல்லிய இடம் கேட்க ஒலியைக் கூட்டி வைத்தால், என் சிறிய ஸ்பீக்கர் டிரம் அடிக்குப் படபடவென்று அதிர்கிறது. பேருந்துப் பயணத்தில் கேட்கத் தகுந்த தட்டு அன்று.

1749இல் லண்டன் வாணவேடிக்கைக்காக ஹேண்டல் எழுதிய இசை, மன்னர் படை வாத்தியங்களையே விரும்பியதால் முதலில் ஊதுகருவிகளுக்கும் முரசுகளுக்கும் அமைந்தது. ஆகவே இங்கு அது பொருத்தமான தேர்வே. ஆயினும் ஹோல்ஸ்டைக் கேட்ட செவிக்கு அதன் ஒரே சீரான கம்பீரம் சற்றுக் கனமாகப் படுகிறது. பாக்கின் ஃபேண்டசியா என்ற கட்டற்ற வடிவ இசை சுருக்கமானது, நிறைவானது.

நான் திரும்பத் திரும்பப் போடுவது, இதே தட்டில் உள்ள ஹோல்ஸ்டின் இரண்டாம் ஸ்வீட்டின் கடைசிப் பகுதியை. துள்ளி ஓடும் டார்கசன் என்ற பழைய மெட்டின் அடியில் கிரீன்ஸ்லீவ்ஸ் என்ற இன்னொரு பழைய ஆங்கில மெட்டு நிதானமாக நுழைந்து, இரண்டும் இடித்துக்கொள்ளாமல் கூடவே நடக்கின்றன. பிறகு கூட்டம் ஒவ்வொன்றாகக் கலைந்து, உச்சியில் பிக்கலோ என்ற சிறு புல்லாங்குழலும் அடியில் ட்யூபாவும் மட்டும் எஞ்சுகின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே இந்தப் பதிவு விட்டுவைத்திருக்கும் வெற்றிடத்தின்மீது குழு முழுவதும் ஒரே ஒருமுறை இறங்கி முடிக்கிறது.