நூறு கிலோ ஆளுக்கு முதலில் எது: பெரிய கைட்டா, பெரிய போர்டா?

எடை 95, 100 கிலோவைத் தாண்டியவர் கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, காலில் பலகை மாட்டிக் கடல்மேல் ஓடும் விளையாட்டு) கற்று முடித்து, சொந்தமாகச் சாமான் வாங்கக் கிளம்பினால் காதில் விழும் முதல் யோசனை, "உங்க வெயிட்டுக்கு 17 மீட்டர் கைட் எடுத்துடுங்க" என்பதுதான். மீட்டர் என்று சொல்வது கைட்டின் பரப்பை, சதுர மீட்டரில். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கத்திலிருந்து இந்த விளையாட்டுக்கு வரும் கனத்த உடம்புக்காரர்களுக்கு நான் சொல்வது வேறு. முதல் பணம் போர்டுக்குப் போகட்டும்.

கைட் அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. கிலோவில் உடல் எடையை, நாட்ஸில் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) காற்றின் வேகத்தால் வகுத்து, 2.2-ஆல் பெருக்க வேண்டும். 100 கிலோ ஆளுக்கு 15 நாட்ஸ் காற்றில் 14.7 சதுர மீட்டர் வரும். அதே காற்றில் 70 கிலோ ஆளுக்கு 10.3 போதும். காற்று 12 நாட்ஸுக்கு இறங்கினால் நமக்கு 18-க்கு மேல் கேட்கும். அதனால் 17 நியாயமான யோசனை போலத்தான் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு எல்லோர் காலிலும் வழக்கமான போர்டு இருப்பதாக வைத்துக்கொண்டு போடுவது.

பெரிய கைட்டின் சிக்கல் காற்று ஏறும்போது தெரியும். இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 12 நாட்ஸ் 15 ஆனாலே இழுப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். நம் கோடைக் கடல்காற்றோ மதியம் மெதுவாக எழும்பி, பிறகு வலுக்கும் ரகம். மெல்லிய காற்றுக்கென்று ஏற்றிய 17 மீட்டர் கைட்டை அந்த நேரத்தில் அடக்க வேண்டியிருக்கும். அது திரும்புவதும் மெதுவாகத்தான். கரையோர அலையில் விழுந்துவிட்டால் மறுபடி எழுப்புவதற்குள் தோள் சோர்ந்துவிடும்.

போர்டுக்கு வருவோம். பலரும் வாங்கும் ட்வின் டிப் (இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும் போர்டு) 138க்கு 41 சென்டிமீட்டர். மெல்லிய காற்றுக்கென்று செய்யப்படும் 160க்கு 46 போர்டின் நீள அகலத்தைப் பெருக்கிப் பாருங்கள், பரப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் குறைந்த வேகத்திலேயே நீர்மேல் ஏறி ஓடத் தொடங்கிவிடும். 14 மீட்டர் கைட்டை வைத்துக்கொண்டே 13, 14 நாட்ஸில் காற்றை எதிர்த்து மேலேறி வரலாம். நமக்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். விறைப்பும் பார்க்க வேண்டும்: நம் எடைக்கு வளைந்து கொடுக்கும் மெல்லிய போர்டு, விளிம்பை அழுத்தும்போது பிடிப்பை விட்டுவிடும்.

இதற்கும் குறை இல்லாமல் இல்லை. 20 நாட்ஸுக்கு மேல், கடல் குதிக்கும்போது அந்த அகலப் பலகை முழங்காலைப் பதம் பார்க்கும். அந்த நாட்களுக்கு 144க்கு 43 போல ஒன்று பின்னால் தேவைப்படும். தூக்கிப் போவதில், சுருட்டிப் பையில் அடங்கும் கைட்தான் நல்லது. வடசென்னையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. திருவொற்றியூர் முதல் எர்ணாவூர் வரை கரையில் கற்சுவரும், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளும். 24 மீட்டர் கயிறு விரிக்க மணலே கிடையாது, அங்கே கைட் ஏற்றவே கூடாது. ஆகவே சாமானைத் தூக்கிக்கொண்டு கோவளம் பக்கமோ, ரயிலேறி ராமேஸ்வரமோ போக வேண்டும். இரண்டாகக் கழற்றும் போர்டுகளும் வருகின்றன. எடை கொஞ்சம் கூடும், ஆனால் ரயிலில் தலைவலி இல்லை.

மூன்றாவது போட்டியாளர் ஹைட்ரோஃபாயில்: போர்டுக்கு அடியில் கம்பமும் அதன் நுனியில் இறக்கையும் வைத்து, போர்டை நீருக்கு மேல் தூக்குவது. 8, 10 நாட்ஸிலேயே தூக்கிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் முதன்முறையாக நடந்த, ஃபாயிலில் ஓடும் ஃபார்முலா கைட் போட்டிக்காக, ஆண் வீரர்கள் பலர் சாப்பிட்டுச் சாப்பிட்டு எடை கூட்டினார்கள். பெரிய கைட்டின் இழுப்புக்கு எதிராகச் சாய்ந்து நிற்க உடல் எடை உதவும் என்பதுதான் காரணம். நம் எடை பலமாகும் இடம் இது என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அப்படியும் முதல் வருடம் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். விலை அதிகம். தண்ணீருக்குள் ஒரு மீட்டர் வரை கம்பம் நிற்கும், ஆழம் வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் பல இடங்களில் அது கிடைக்காது. மீனவர் வலை விரித்திருக்கும் தண்ணீரில் ஃபாயில் மாட்டினால் நமக்கும் ஆபத்து, அவர்களுக்கும் நஷ்டம்.

கைட்டின் இழுப்பை உடம்பில் தாங்கும் பட்டையான ஹார்னஸ் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. வயிறு உள்ளவர்களுக்கு இடுப்பு ஹார்னஸ் விலா வரை ஏறிவிடும். தொடையில் பட்டை மாட்டும் உட்காரும் வகைதான் நிலைக்கும். பார்க்க அழகாக இல்லை என்பார்கள், விடுங்கள்.

வாங்கும் வரிசை என்று கேட்டால் பெரிய போர்டு, 14 மீட்டர் கைட், பிறகு பலத்த காற்றுக்கு 10. 17 வேண்டுமென்றால் கடைசியாக, பழையதாகப் பார்க்கலாம். அப்படி வாங்கும்போது காற்றடித்து ஓர் இரவு முழுக்க வையுங்கள். காலையில் முன்குழாய் (கைட்டின் முன்விளிம்பில் காற்று நிரப்பும் குழாய்) தளர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கைட்டை இயக்கக் கையில் பிடிக்கும் பாரின் அவசர விடுவிப்பை உங்கள் கையாலேயே, முழு எடையும் தொங்கும் நிலையில் இழுத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் விடவில்லை என்றால் அந்தப் பாரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.