கிராக்கோவா, கதான்ஸ்க்கா?

போலந்துக்கு முதல் முறை, அதுவும் நாலே நாள் என்றால் கிராக்கோவ்தான். இரண்டாம் உலகப்போரில் பெரிதாக இடிபடாத ஊர். 1257இல் அமைத்த சந்தைச் சதுக்கம் இன்றும் கலகலவென்று இருக்கிறது. மணிக்கொரு முறை மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள்; மெட்டு பாதியிலேயே வெடுக்கென்று நின்றுவிடும். அதுதான் மரபு. வியலிச்கா உப்புச் சுரங்கமும் பக்கம்தான். ஆனால் கோடையில் கூட்டம் நெரியும்.

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் கதான்ஸ்க்கின் பழைய நகரம் போரில் பெரும்பாலும் தரைமட்டமாகி, மீண்டும் எழுப்பப்பட்டது. வீடுகளின் முகப்பைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். கடல் வேண்டும், கொளுத்தும் வெயில் ஆகாது என்பவர்களுக்கு ஜூலையில் இதுவே தோது. ரயிலில் சுமார் 20 நிமிடத்தில் சோபாட் என்ற கடற்கரை ஊர். அங்கே 500 மீட்டருக்கும் நீளமான மரப்பாலம் கடலுக்குள் நீள்கிறது. குளிக்கலாம், சரி, பால்டிக் தண்ணீர் கோடையிலும் ஜில்லென்றுதான் இருக்கும். குளிர்காலப் பயணமா? யோசிக்காமல் கிராக்கோவுக்கே டிக்கெட் போடுங்கள்.